மல்லாட்டை வீட்டுப் பெண்ணுக்குக் கணிதமா, தாவரவியலா?

கேள்வி: “விருத்தாசலத்துக்குப் பக்கத்துக் கிராமம். மூன்று ஏக்கரில் மல்லாட்டை, ஒன்றரை ஏக்கரில் முந்திரி. என் மகள் பிளஸ் டூவில் கணிதம், உயிரியல் இரண்டும் உள்ள முதல் குரூப் படித்தாள். வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைக்காமல் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள்தான். துணைப் பாடம் கணிதமா, தாவரவியலா என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களாம். வேறு துறையிலிருந்து ஒரு தாளும் எடுக்க வேண்டுமாம். சீனியர் பிள்ளைகள் ‘எது சுலபமோ அதை எடு’ என்கிறார்கள். ஊரோ செராமிக் ஊர், வீடோ விவசாய வீடு. எந்தப் பக்கம் போவது? இல்லை, அடுத்த வருடம் திரும்பவும் வேளாண்மைக்கே விண்ணப்பிக்கலாமா?”

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்வதே நல்லது. அது முடிந்தால்தான் மற்றவற்றில் மனம் நிற்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இளநிலைப் படிப்புகளுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் தரவரிசை போடுகிறார்கள். ஒரு வருடம் காத்திருந்தால் அந்த மதிப்பெண் கூடப்போவதில்லை. போட்டிக்குப் புதிதாக இன்னொரு கூட்டம் வந்து சேரும், அவ்வளவுதான். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் வேளாண்மைப் படிப்புக்கும் உண்டு. மகள் அரசுப் பள்ளி மாணவி என்றால், அந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தாரா என்பதை மட்டும் ஒருமுறை சரிபார்க்கலாம். அப்படியும் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆசையை வரப்போடு விட்டுவிட்டு, கையில் இருக்கும் கல்லூரியை முழு மனதோடு படிப்பதுதான் லாபம். ‘அடுத்த வருடம் போய்விடுவோம்’ என்று நினைத்துக்கொண்டே படிக்கும் பிள்ளைக்கு முதல் பருவத்திலேயே அரியர் விழும்.

வேளாண்மைத் துறையில் அரசு வேலை மட்டும்தான் குறி என்றால், அது வேறு பாதை. வேளாண்மை அலுவலர் பணிக்கு வேளாண் பட்டம் வேண்டும். உதவி வேளாண்மை அலுவலர் பணிக்குப் பிளஸ் டூவுக்குப் பிறகு படிக்கும் 2 ஆண்டு வேளாண் பட்டயம் வேண்டும். வேதியியலில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வாங்கினாலும் இந்த இரண்டு கதவும் திறக்காது. எம்.எஸ்சி.யில் மண்ணியல் சேர்ந்துவிடலாம் என்று சிலர் நினைப்பதுண்டு; அதற்கும் முதலில் வேளாண் பட்டம் கேட்பார்கள். இந்த வீட்டில் அரசு வேலைதான் கனவு என்றால், பட்டயப் படிப்பைப் பற்றி இந்த ஆண்டே முடிவு செய்துவிட வேண்டும். மூன்று வருடம் கழித்து அல்ல.

அந்தக் கனவு இல்லாவிட்டால் வேதியியல் நல்ல படிப்பு. விவசாய வீட்டுக்கு இன்னும் நல்ல படிப்பு. எப்படி என்பதைப் பார்க்கும் முன், கல்லூரி எதை எதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது என்பது புரிய வேண்டும்.

விருத்தாசலம் திரு கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி உட்பட கடலூர் மாவட்டத்துக் கலை அறிவியல் கல்லூரிகள் இப்போது சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைப்பில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட் சேர்க்க வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் வீதம் ஒரு பருவம் முழுக்க நடக்கும் பாடத்துக்கு ஒரு கிரெடிட் என்பது அடிப்படைக் கணக்கு. செய்முறை வகுப்பானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும், பகுதி நான்கு பிற துறைத் தாளும் திறன் தாள்களும், பகுதி ஐந்து என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்றவை. இவற்றில் தமிழும் ஆங்கிலமும் வேதியியலும் எல்லோருக்கும் ஒன்றுதான். மாணவியின் கையில் இருப்பது துணைப் பாடம், பிற துறைத் தாள், பகுதி ஐந்து, கடைசி ஆண்டின் விருப்பத் தாள்கள், செயல்திட்டம் ஆகியவைதான். கொஞ்சம்தான். ஆனால் ஒரே வகுப்பில் படித்து வெளியே வரும் 40 பேரில் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்தக் கொஞ்சம்தான்.

விவசாயிக்குச் சொல்வதென்றால், முதன்மைப் பாடம் மல்லாட்டை. துணைப் பாடம் நடுவில் விடும் துவரை. பிற துறைத் தாள் வரப்பில் ஊன்றும் ஆமணக்கு. ஆமணக்கை யாரும் விளைச்சலுக்காக ஊன்றுவதில்லை. புரோட்டீனியாப் புழு முதலில் அதில் முட்டையிடட்டும் என்றுதான் ஊன்றுகிறோம். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்துதான் இடம் கொடுக்கிறோம்.

இனி கணிதமா, தாவரவியலா என்பதற்கு வரலாம். பெயரைப் பார்த்தால் விவசாய வீட்டுக்குத் தாவரவியல்தான் பொருத்தம் என்று தோன்றும். இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். சான்று விதை மூட்டை வாங்கும்போது ரகத்தின் பெயரை மட்டும் பார்த்து யாரும் பணம் கொடுப்பதில்லை. நீல அட்டையைத் திருப்பி, முளைப்புத் திறன் 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா, பரிசோதித்த தேதி என்ன, காலாவதி எப்போது என்று பார்க்கிறோம். பாடத்துக்கு அந்த அட்டை, பாடத்திட்டம். துறையில் கேட்டால் தருவார்கள். பல்கலைக்கழக இணையதளத்திலும் கிடைக்கும். ஒவ்வொரு தாளுக்கும் ஐந்து அலகுகள். அவற்றை ஒருமுறை உட்கார்ந்து படித்தாலே பாதிக் குழப்பம் தீரும். துணைப் பாடத் தாவரவியலின் அலகுகளில் பெரும்பாலும் இருப்பவை பாசி, பூஞ்சை, செடிகளின் குடும்ப வகைப்பாடு, உள்ளமைப்பு, ஒளிச்சேர்க்கை போன்றவை. அருமையான விஷயங்கள்தான். ஆனால் மல்லாட்டைக்கு எத்தனையாவது நாள் மண் அணைப்பது என்று அதில் இருக்காது. பெயரில் விவசாயம் தெரிகிறது என்பதற்காக எடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

கணிதத் துணைப் பாடத்தில் அணிகள், வகையீடு, தொகையீடு, வகையீட்டுச் சமன்பாடுகள் வரும். இவை எதற்கு என்று முதல் வருடத்தில் புரியாது. பின்னால் இயற்பிய வேதியியல் வரும்போது, ஒரு வினை எவ்வளவு வேகத்தில் நடக்கிறது, எவ்வளவு வெப்பம் விடுகிறது என்று கணக்குப் போடும் இடங்களில் இந்தக் கணிதம் இல்லாத பிள்ளைகள் சூத்திரத்தை மனப்பாடம் செய்வார்கள். இருக்கும் பிள்ளைகள் போட்டுப் பார்ப்பார்கள்.

அடுத்து, எந்தத் துணைப் பாடம் எந்தக் கதவைத் திறக்கிறது என்பது. உயிரியல் பக்கத் துணைப் பாடம் எடுத்த வேதியியல் மாணவருக்கு உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு அறிவியல் சார்ந்த மேற்படிப்புகளில் வழி கிடைக்கும். கணிதம் எடுத்தவருக்குப் பொருளறிவியல், பொறியியல், கணினிப் பக்கம் போக வசதி. ஒவ்வொரு எம்.எஸ்சி. படிப்புக்கும் ‘இந்தத் துணைப் பாடம் படித்திருக்க வேண்டும்’ என்று தகுதிக் குறிப்பு இருக்கும். பெரும்பாலான பிள்ளைகள் அதை மூன்றாம் ஆண்டின் கடைசியில்தான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். அப்போது படித்து என்ன பயன்? ஆசைப்படும் இரண்டு மேற்படிப்புகளின் தகுதிக் குறிப்பை இப்போதே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. பிளஸ் டூவில் கணிதம் படித்து, பிறகு பி.எஸ்சி. முடித்தவர்கள் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். இந்த மாணவி முதல் குரூப் என்பதால் அந்த வாய்ப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்த நினைத்தால் நடுவில் மூன்று வருடம் கணிதத்தை மறந்துவிட்டுப் போக முடியாது.

செராமிக் ஊர் என்று தந்தை எழுதியிருப்பதும் இங்கேதான் வருகிறது. விருத்தாசலம் தொழிற்பேட்டையில் செய்யும் அகல் விளக்கையும் சாமி பொம்மையையும் மின்சார பியூஸ் கட்டையையும் பார்த்துவிட்டு, செராமிக் என்றால் அவ்வளவுதான் என்று ஊரிலேயே பலர் நினைக்கிறார்கள். தரை டைல்ஸ், கழிப்பறைப் பீங்கான், மின்கம்பத்து இன்சுலேட்டர், கண்ணாடி, சிமென்ட், இரும்பு உருக்கும் உலைக்குள் பதிக்கும் தீக்கல் எல்லாமே அந்தக் குடும்பம்தான். பக்கத்து அரியலூரின் சிமென்ட் சூளை, சேலத்து மேக்னசைட், ராணிப்பேட்டைப் பீங்கான், குஜராத் மோர்பியின் டைல்ஸ் ஆலைகள் என்று அது விரியும். அங்கெல்லாம் சோதனைக்கூடத்தில் உட்கார்ந்து மண்ணையும் மாவையும் பரிசோதிப்பவர்களில் வேதியியல் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

அதற்காக, செராமிக்கும் விவசாயமும் எதிர் எதிர்த் திசைகள் என்று இந்தக் குடும்பம் கவலைப்பட வேண்டியதில்லை. மல்லாட்டைக்கு 40 முதல் 45 நாளில் எக்டேருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கிறோம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து காய் பொக்காகாமல் திரளவும், கந்தகம் எண்ணெய் கூடவும் உதவுகின்றன. அதே ஜிப்சத்தைச் சுமார் 150 டிகிரி சூட்டில் வறுத்தால், அதற்குள் இருக்கும் நீரில் முக்கால் பங்கு போய், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகிறது. விருத்தாசலத்துப் பொம்மை அச்சு அதில்தான் செய்யப்படுகிறது. கரைத்த களிமண்ணை அச்சுக்குள் ஊற்றினால், அச்சு நீரை உறிஞ்சும், களி சுவரில் படியும், மீதியைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றான பிள்ளையார் நிற்பார். வயலில் ஒரு வேலை, பட்டறையில் ஒரு வேலை, சரக்கு ஒன்று.

களிமண்ணும் அப்படியே. பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் களியில் இருக்கும் கயோலினைட் என்ற கனிமம்தான் பெரும்பாலான செம்மண் நிலங்களின் களியிலும் அதிகம். அந்தக் கனிமம் சத்துகளைப் பிடித்து வைக்கும் திறன் குறைந்தது; கரிசல் மண்ணின் களி பல மடங்கு பிடித்து வைக்கும். செம்மண்ணில் உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முதலாண்டு செய்முறை வகுப்பில் செய்யும் தரம் பார்த்தல் என்ற டைட்ரேஷனில், இ.டி.டி.ஏ. கரைசலை வைத்து நீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கக் கற்றுத் தருவார்கள். வீட்டு போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய், ஆசிரியரிடம் கேட்டு அதையும் சோதித்துப் பார்க்கலாம். மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளும் இப்படி ஏதோ ஒரு சோதனைக்கூடத்தில், ஏதோ ஒரு வேதியியல் முறையில் வந்தவைதான்.

ஆக, இந்த மாணவிக்குப் பொருத்தமானது கணிதம். காரணம் எளிமையானது. தாவரவியலில் விட்டதைப் பின்னால் பிடித்துக்கொள்ள வழி இருக்கிறது. வீட்டிலேயே வயல் இருக்கிறது; விருத்தாசலத்திலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. வி.ஆர்.ஐ. என்று பெயர் தாங்கிய மல்லாட்டை, முந்திரி ரகங்கள் பிறந்த இடம் அது. பயிற்சி நாள்களில் அப்பாவோடு மகளும் போய் உட்காரலாம். கணிதத்தை அப்படி வயலோரம் நின்று கற்றுக்கொள்ள முடியாது. ஆசிரியரும் கரும்பலகையும் தினமும் கிடைக்கும் இந்த இரண்டு வருடத்தில் விட்டால், பெரும்பாலோர் பிறகு அதன் பக்கம் திரும்புவதே இல்லை.

ஒரு விலக்கு உண்டு. பிளஸ் டூ கணிதத்தில் தட்டுத்தடுமாறித்தான் தேறினார் என்றால், அல்லது உயிர்வேதியியல், உணவுப் பக்கம்தான் போகப் போகிறார் என்று உறுதியாக இருந்தால் தாவரவியலே சரி. அரியர் மேல் அரியர் வைத்துக்கொண்டு கணிதம் படிப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. வளாக நேர்காணலுக்கு வரும் சில நிறுவனங்கள் அரியர் இருப்பவரை உள்ளேயே விடுவதில்லை. மகளின் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த முடிவை எடுக்க வேண்டும். தோழி எதை எடுத்தாள் என்பது கணக்கில் வரக் கூடாது. சில கல்லூரிகளில் துணைப் பாடத்தைத் துறையே முடிவு செய்துவிடும். இங்கே எழுதிக் கொடுக்கச் சொல்லியிருப்பது நல்ல வாய்ப்பு. எழுதிக் கொடுத்த பிறகும் முதல் சில வாரங்களுக்குள் துறைத் தலைவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள இடம் இருக்கலாம். தேர்வுக் கட்டணம் கட்டிய பிறகு இருக்காது.

பிற துறைத் தாளுக்கு வருவோம். இது இரண்டு கிரெடிட் விஷயம், அதனால் சீனியர்கள் சொல்லும் ‘சுலபமானது’ இங்கே பெரிய குற்றமில்லை. ஆனாலும் வணிகவியல் துறை கணக்குப்பதிவு அடிப்படையைத் தந்தால் அதை எடுப்பது புத்திசாலித்தனம். முந்திரிக்கொட்டை விற்ற பணம், உரக்கடைப் பாக்கி, கூட்டுறவுக் கடன், வட்டி என்று நான்கு நோட்டில் சிதறிக் கிடப்பதை ஒரே ஏட்டுக்குக் கொண்டுவர ஒரு ஆள் வீட்டில் தேவை. அடுத்த பருவத்தில் கணினித் துறையின் தாள் கிடைத்தால் அது. விரும்பியதே கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம். பல கல்லூரிகளில் இடம் நிரம்பியதும் மீதிப் பேரை வேறு துறைக்கு மாற்றிவிடுவார்கள். படிவம் கொடுக்கும் அன்றைக்கே எழுதிக் கொடுப்பவருக்குத்தான் முன்னுரிமை.

திறன் தாள்களில் பால் வேதியியல், பூச்சிக்கொல்லி வேதியியல் போன்றவை பல பாடத்திட்டங்களில் இருக்கின்றன. வந்தால் விட வேண்டாம். பூச்சிமருந்தும் உரமும் விற்கும் உரிமம் பெறுவதற்கான கல்வித் தகுதியில் வேளாண் பட்டத்தோடு வேதியியல் பட்டமும் இடம்பெற்றிருக்கிறது. பட்டம் இல்லாத கடைக்காரர்களில் பலர் அதற்காக ஐதராபாத் மேனேஜ் நிறுவனத்தின் ஓராண்டு ‘தேசி’ பட்டயம் படிக்கிறார்கள். எம்.எஸ்சி. வேதியியல் வரை போனால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் தேர்வு எழுதவும் தகுதி உண்டு. இவை எல்லாம் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்ற வேலைகள் அல்ல.

ஒரு எச்சரிக்கை. மார்ச் முதல் மே வரை முந்திரிக் காலம். இரட்டைப் பருவத் தேர்வும் ஏப்ரலை ஒட்டித்தான் வரும். கொட்டை பொறுக்க ஆள் கிடைக்கவில்லை என்று பிள்ளையை நிறுத்தினால் 75 சதவீத வருகைப்பதிவு அங்கேதான் அடிபடும். பெரும்பாலான தாள்களில் 25 மதிப்பெண் கல்லூரிக்குள்ளேயே போடுவது. வராத பிள்ளைக்கு அதுவும் குறையும். துணைப் பாடத்தைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, தேர்வெழுத முடியாமல் போனால் யாரை நோவது? அந்த மூன்று மாதக் கூலிச் செலவையும் மகளின் படிப்புச் செலவில் சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுவதுதான் வழி.

கேள்வி: “என் மகன் விருத்தாசலம் அரசு செராமிக் கல்லூரியில் டிப்ளமோ படிக்கிறான். பட்டம் வாங்க முடியுமா, இதோடு நின்றுவிடுமா?”

நிற்காது. டிப்ளமோ முடித்தவர்கள் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். செராமிக்கிலேயே பி.டெக். வேண்டும் என்றால் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் அந்தப் படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதால் டிப்ளமோ மதிப்பெண் நன்றாக இருக்க வேண்டும். கணிதத் தாள்களை இப்போதே ஊன்றிப் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: “பட்டத்துக்குத் தமிழ்த் தாள் மதிப்பெண் கணக்கில் வராது என்கிறார்களே, விட்டுவிடலாமா?”

முதன்மைப் பாடத்தின் வகுப்பைக் கணக்கிடும்போது தனியாக வைப்பார்கள் என்பது உண்மை. ஆனால் அதில் தேறாமல் பட்டம் கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளில் கட்டாயத் தமிழில் 40 சதவீதம் எடுக்காதவரின் மற்ற விடைத்தாளைத் திருத்துவதும் இல்லை.

கேள்வி: “கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் யாருக்குக் கிடைக்கும்?”

புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் பட்டமோ பட்டயமோ முடிக்கும் வரை மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். மாணவர்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான். சேர்ந்த முதல் மாதத்திலேயே கல்லூரியில் இதற்குப் பொறுப்பான ஆசிரியரைப் பார்த்து, ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மாணவியின் பெயரில் இருக்கிறதா என்று சரிசெய்துகொள்ள வேண்டும்.